பறவைகளின் பின்பக்கம்

ஆறு பறவைகளுக்கு விலை போட உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. மீன்கொத்தி, மரங்கொத்தி, ஆந்தை, கொக்கு, கழுகு, பெயர் தெரியாத ஒன்று. ஒரே வருடத்தில் ஒரே தொடராக வெளியான ஆறு ஸ்டாம்புகள். ஒவ்வொன்றும் முன்பக்கம் கண்ணாடித்தாளும் பின்பக்கம் கறுப்புத்தாளும் வைத்த சின்ன உறைக்குள் இருந்தது. உறையிலிருந்து வெளியே எடுக்கும் உரிமை மாமனாருக்கு மட்டும்தான் இருந்தது. அவர் போய் ஒரு வருடம் ஆகியும் அந்தச் சட்டம் போகவில்லை. எனவே டோனர் உறையோடு சேர்த்தே ஸ்கேன் செய்தான்.

டோனர் என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். பத்தொன்பது வருடமாக ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிறவன். என்ன சோப்பு போட்டாலும் விரல் ரேகையில் கறுப்பு போகாது. அந்தக் கையைப் பார்த்து மாமனார் அவன் இருக்கும் அறையில் ஆல்பத்தைத் திறந்ததுகூடக் கிடையாது. இப்போது பதினொரு ஆல்பமும் அவன் வீட்டுக் கட்டிலில் கிடந்தன. அவனுக்குப் படுக்க இடமில்லை.

மாமனார் காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சேதம் மதிப்பிடும் வேலை பார்த்தவர். எங்காவது கிடங்கு எரிந்தால், கடைக்குள் தண்ணீர் புகுந்தால், இவர் போய் நிற்பார். இது எரிந்தது, இது எரியவில்லை, இது எரிவதற்கு முன்பே ஒன்றுக்கும் உதவாமல்தான் இருந்தது என்று எழுதிக் கொடுப்பார். அவர் தாளில் எப்போதும் இரண்டு பத்திகள். இடது பக்கம் 'கேட்டது', வலது பக்கம் 'ஏற்றது'. முப்பத்து நான்கு வருடத்தில் இரண்டும் ஒரே எண்ணாக இருந்த நாள் ஒன்றுகூட இல்லை என்பதை அவர் சொல்லும்போது முகம் மலரும். வேறு எதற்கும் மலர்ந்து டோனர் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர் சாவதற்கு இரண்டு வருடம் முன்பு பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்துப் பாகம் பிரித்தார். மகனுக்கு வீடு, மகளுக்கு ஆல்பங்கள்.

"வீடு நாப்பது லட்சம். ஆல்பம் ஸ்டாம்ப் கேட்லாக் புத்தகத்து விலைப்படி நாப்பத்திரெண்டு. பொண்ணுக்கு ரெண்டு கூடவே போகட்டும்" என்றார்.

மகள் அழுதாள். மகன் அழவில்லை. அந்த இரண்டு லட்சத்தை நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து டோனரின் மனைவியிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. "எங்கப்பா என்னையும் அண்ணனையும் ஒரே தட்டுல வச்சுப் பாத்தாரு." இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள், மாடி வீட்டு அம்மாளிடம் சொல்லியிருக்கிறாள், வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் வாய் திறந்தபடி காத்திருப்பவர்களிடமும் சொல்லியிருக்கிறாள். அவளிடம் பெரிதாக நகை கிடையாது, நிலம் கிடையாது. இந்த வாக்கியம் உண்டு. ஆல்பத்தை விற்றுச் சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கிவிட்டால் வாக்கியத்துக்குச் சுவரும் கதவும் கிடைத்துவிடும் என்பது அவள் திட்டம்.

அண்ணனுக்கும் ஒரு வாக்கியம் இருந்தது. "எனக்கு ஒழுகுற வீடு, அவளுக்குக் காகிதத்துல அரண்மனை." அதை அவர் தங்கையின் முகத்துக்கு நேரே சொன்ன நாளிலிருந்து எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. இருவருக்கும் நடுவில் டோனர் மட்டும் பேச்சில் இருந்தான். அதனால் இருவர் பேச வேண்டியதையும் அவன் ஒருவனே கேட்க வேண்டியிருந்தது.

பறவைகளை முதலில் ஆன்லைனில் ஸ்டாம்ப் விற்கும் ஒரு தளத்தில் கேட்லாக் விலைக்கே போட்டிருந்தான். பதினெட்டாயிரம். மூன்று வாரத்தில் நாற்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். அதில் முப்பது பேர் மச்சான்.

பிறகு அந்தத் தளத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. அதில் டிக் போட்டால் விற்று முடிந்தவை மட்டும் தெரியும். டிக் போடாதவரை அதே ஆறு பறவை பதினைந்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் கம்பீரமாக உட்கார்ந்திருந்தன. ஒரு தைரியசாலி முப்பதாயிரம் கேட்டிருந்தார். டிக் போட்டதும் எல்லாம் பறந்துவிட்டன. மிஞ்சியவை ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து அறுநூறு, ஆயிரத்து நானூறு. அதுவும் தபால் செலவு விற்றவர் தலையில்.

கேட்பதற்குக் காசு செலவில்லை, அதனால்தான் எல்லோரும் கேட்கிறார்கள் என்று டோனருக்குப் புரிந்தது. கேட்லாக் விலை என்பது ஜாதகத்தில் எழுதிய ஆயுள் மாதிரி. அதை வைத்து யாரும் கடன் தரமாட்டார்கள். அவன் பெருமூச்சு விட்டு ஆயிரத்து எழுநூறு என்று அடித்தான்.

நான்கு நிமிடத்தில் ஃபோன்.

"மாப்ளே, பிரேக்கு! பிரேக்கைப் போடுங்க!"

மச்சான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே ஆயுளைக் கழித்ததால் யார் எதைச் செய்தாலும் அவர் கால் தரையை மிதிக்கும்.

"என்ன மச்சான்?"

"பதினெட்டாயிரம் எப்படி ஆயிரத்து எழுநூறு ஆச்சு? சைபர் எதுவும் வழியில விழுந்துடுச்சா?"

"விக்கிற விலை அதுதான்."

"யாரு சொன்னா?"

"வாங்கினவங்க."

"வாங்கினவன் குறைச்சுத்தான் சொல்லுவான்! நான் பதினேழு வருஷமா ரோட்டைப் பாக்குறவன் மாப்ளே. இண்டிகேட்டரை லெஃப்ட்ல போட்டுட்டு ரைட்ல திரும்புறவனை எனக்குத் தெரியும். உங்க ஆளு ஒருத்தன் கம்மி விலைக்கு வாங்குற மாதிரி வாங்கி, அப்புறம் முழு விலைக்கு வித்துட்டு, ஒண்ணும் தேறலைன்னு என் வீட்டுல பங்கு கேட்டு..."

"எனக்கு ஆளெல்லாம் கிடையாது மச்சான். எனக்கு நானே முழுசாக் கிடையாது."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "யாரு? அவரா? நான் வீட்ல இல்லைன்னு சொல்லுங்க."

"உன்னைக் கேக்கலை."

"கேக்கவும் மாட்டாரு." பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது. "விலையைக் குறைச்சீங்களா என்ன?"

"ஆரம்பத்துல ரேட்டிங் வரணும்ல. அதுக்காகக் கொஞ்சம்..."

"ஓ" என்றாள். நம்பிவிட்டாள். நாள் முழுக்க நோயாளிகளிடம் 'வலிக்காது' என்று சொல்கிறவளுக்குப் பொய் கேட்டுப் பழக்கமில்லை, சொல்லித்தான் பழக்கம்.

பறவைகள் இரண்டு நாளில் விற்றுப்போயின. அடுத்த வாரமே திரும்பி வந்துவிட்டன.

திரும்பி வந்த தபால் உறையை வேலையிடத்தில் பிரித்தான். பின்பக்க அறை, நான்கு மெஷின்கள் வயிறு திறந்து கிடந்தன, மேலே ஒரு டியூப்லைட் எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பறவைகளோடு ஒரு துண்டுத்தாளும் வந்திருந்தது. 'ஸ்டாம்ப் அழகு. பின்பக்கத்தைப் படத்தில் காட்டவில்லை. காட்டியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். பணத்தைத் திருப்பவும்.' கீழே ஒரு ஃபோன் நம்பர்.

டோனர் கையைத் துடைத்து, வேலைக்கு வைத்திருந்த சின்ன இடுக்கியால் மீன்கொத்தியை உறையிலிருந்து உருவித் திருப்பினான்.

பின்பக்கம் நீலப் பேனாவில் எழுத்து. மேலே ஒரு எண், பக்கத்தில் வருடம். அதன்மேல் ஒரு கோடு. கீழே அதைவிடப் பெரிய எண், அதற்கும் வருடம், அதன்மேலும் கோடு. இப்படி ஏழு வரி. முதல் வரியில் எண்கள் குண்டு குண்டாக, இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருந்தன. மூன்றாவது வரியில் கொஞ்சம் இளைத்திருந்தன. ஐந்தாவதில் வலப்பக்கம் சாய்ந்து அவசரமாக ஓடின. அந்தச் சாய்ந்த நான்கை டோனருக்குத் தெரியும். இருபது வருடமாக மளிகைச் சீட்டில் பார்க்கிற நான்கு. முன்பக்கம் ஒரே பறவையாக இருக்க, பின்பக்கத்தில் அவன் மனைவி வளர்ந்திருந்தாள்.

அவன் அந்த நம்பரைக் கூப்பிட்டான். எடுத்தது ஒரு பெண்குரல். கடிகாரம் பழுது பார்க்கும் கடையின் பாதியில் ஸ்டாம்ப் வியாபாரம் செய்கிறவர். பின்னால் பத்துப் பதினைந்து கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் சொல்லிக்கொண்டிருந்தன.

"பசை இருக்கிற பக்கம் தம்பி அது. அது மேல பேனா. கழுவினா பசையும் போயிடும். வச்சிருக்கவும் முடியாது, கழுவவும் முடியாது."

"அப்ப என்ன விலை மேடம் போடலாம்?"

"நூத்தி இருபது போடுங்க. ஆல்பத்துல காலி இடத்தை நிரப்ப யாராவது வாங்குவாங்க. குறையை முதல் வரியில எழுதுங்க. ரெண்டாவது வரிக்கு யாரும் வர்றதில்ல. வந்தா திட்டத்தான் வருவாங்க." பின்னால் ஒரு கடிகாரம் மணி அடித்து ஓய்ந்தது. "விலைக்குப் பக்கத்துல வருஷம் போட்டு, கோடு போட்டு, எல்லா ஸ்டாம்புலயும் இருக்கா?"

"இன்னும் பாக்கலை."

"இருக்கும். பதினொரு ஆல்பம்தானே?"

டோனர் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"நாலு வருஷம் முன்னாடி ஒரு பெரியவர் கொண்டாந்தாரு. வெளிய டிரைவிங் ஸ்கூல் காரு. கார் முழுக்க எழுதியிருந்ததால ஞாபகம் இருக்கு. முப்பதாயிரம் தரேன்னேன். ரெண்டு மணி நேரம் கேள்வி கேட்டாரு தம்பி. என் தொழிலை என்கிட்டயே பரீட்சை வச்சாரு. பேனா இல்லாட்டி எவ்வளவுன்னாரு. நாலு லட்சம் தேறும்னேன். ஆல்பத்தை மூடினாரு. 'எழுதினது என் பொண்ணு. எழுதச் சொன்னது நான். அவகிட்ட சொல்லிடாதீங்க'ன்னாரு. உங்க பொண்ணை எனக்குத் தெரியாதேன்னேன். 'உங்க மதிப்பீடு சரியா இருக்கு'ன்னு சொல்லி, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

நான்கு வருடம் முன்பு. பாகம் பிரித்தது மூன்று வருடம் முன்பு. டோனர் இரண்டு தடவை கழித்துப் பார்த்தான். விடை மாறவில்லை.

அன்று மாலை மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் பதினொரு ஆல்பத்திலும் ஆங்காங்கே உருவித் திருப்பிப் பார்த்தான். ராஜாக்கள், ரயில்கள், பூக்கள், பாலங்கள், எல்லாவற்றின் முதுகிலும் அவள் கையெழுத்து. கடைசி ஆல்பத்தின் பின்னட்டையில் மட்டும் மாமனாரின் சொந்தக் கையெழுத்து. இரண்டு பத்திகள். அதைப் பார்த்துவிட்டு மூடி வைத்தான்.

ஐந்து நாள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது இவ்வளவு வேலை என்று அவனுக்குத் தெரியாது. அவள் சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்டால்கூட ஒரு நொடி யோசித்தான். "பறவை என்னாச்சு, ரேட்டிங் வந்துச்சா?" என்று கேட்டபோது "வரும்" என்றான். அவள் வீட்டுத் தரகர் ஒருவரிடம் பேசத் தொடங்கியிருந்தாள். இரண்டு அறை, கிழக்கே ஜன்னல், லிஃப்ட் கட்டாயம். முழங்கால் வலிக்காகத்தான் லிஃப்ட். அதைக் கேட்டதும் டோனருக்கு முதுகெல்லாம் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு அதற்கு மேல் அவனால் முடியவில்லை. பறவைகளைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்தான். விவரத்தில் முதல் வரி: 'ஆறிலும் பின்பக்கம் பசைமேல் பேனா எழுத்து.' விலை நூற்று இருபது. அடித்து முடித்ததும் ஏதோ ஒரு ஆணியைப் பிடுங்கியது போல இருந்தது. சுவர் விழுமா என்று தெரியவில்லை.

இந்த முறை மச்சான் ஃபோன் செய்யவில்லை. நேரில் வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சோடு, கையில் ஃபோனை நீட்டியபடி, கதவைத் தாண்டி உள்ளே வந்து நின்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே அறையில்.

மனைவி டோனரைப் பார்த்தாள். "உங்க மச்சான் வந்திருக்காரு. என்ன வேணும்னு கேளுங்க."

மச்சானும் டோனரைப் பார்த்தார். "மாப்ளே, நான் உக்கார வரலைன்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க." சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

"தண்ணி வேணுமான்னு கேளுங்க."

"வேணாம்னு சொல்லுங்க. சில்லுன்னு இருந்தா வேணும்னு சொல்லுங்க."

டோனர் எதையும் யாருக்கும் சொல்லவில்லை. வாங்கியதை அப்படியே திருப்பித் தரும் வேலையை வாரத்தில் ஆறு நாள் மெஷின்களோடு பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமையும் அவனால் முடியாது.

"நூத்தி இருபது!" மச்சான் ஃபோனைத் தூக்கிக் காட்டினார். "அன்னைக்குப் பதினெட்டாயிரம், அப்புறம் ஆயிரத்து எழுநூறு, இன்னைக்கு நூத்தி இருபது. அடுத்த வாரம் வாங்குறவனுக்கு நாம காசு குடுக்கணுமா? எங்கப்பன் முப்பது வருஷம் சேத்தது! கேட்லாக்கைப் பாத்துப் பாத்துச் சேத்தது!"

மனைவி ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தாள். அதற்கு யாருடைய அனுமதியும் அவளுக்குத் தேவைப்படவில்லை. "நூத்தி இருபதா? என்னங்க இது? பேனா எழுத்துன்னா?"

டோனர் மீன்கொத்தியை இடுக்கியால் எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தான். மூன்று தலைகள் குனிந்தன.

அவள் முகம் சட்டென்று பிரகாசமானது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"ஐயோ, இது நான்! இங்க பாருங்க, இது ரெண்டாங்கிளாஸ். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காருவோம். அப்பா இடுக்கியில கவுத்துப் பிடிச்சுக்குவாரு, கேட்லாக்கைப் பாத்துச் சொல்லுவாரு, நான் எழுதுவேன். கிளார்க்கு, கிளார்க்குன்னுதான் கூப்பிடுவாரு." நிமிர்ந்தாள். "சரி, இதுல என்ன குறை? விலை எழுதியிருந்தா நல்லதுதானே? கடையில விலை ஒட்டாமலா விக்கிறாங்க?"

"பின்னாடி பசை மேல எதுவும் இருக்கக் கூடாதாம். பேனா பட்டா போச்சாம். பென்சில்ல எழுதியிருந்தா..."

"பென்சில் ஆகாதும்பாரு. பென்சில்ல எழுதினா எவனாவது அழிச்சிட்டுக் கூட்டி எழுதிடுவான், கிடங்கு கிடங்கா பாத்தவன் நான்னு..." அவள் பேச்சு தேய்ந்தது. "போச்சுன்னா எவ்வளவு போச்சு?"

"மொத்தம் முப்பது தேறும்."

"முப்பது லட்சமா?" என்றார் மச்சான்.

"ஆயிரம்."

மச்சானின் கால் தரையில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. பிறகு அவர் முகத்தில் ஒன்று நடந்தது. எட்டு மாதமாக அங்கே குடியிருந்த ஏதோ ஒன்று மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியது. "அப்ப எனக்கு ஒண்ணும் குறையலையா!" என்றார். வாயிலிருந்து சிரிப்பே வந்துவிட்டது. வந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்து சிரிக்கிறோம் என்று பார்த்தார். சிரிப்பை உள்ளே இழுக்க முயன்று இருமினார். தங்கை எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சில்லென்றுதான் இருந்தது.

அவள் உட்காரவில்லை. டோனரைப் பார்த்து மெல்லக் கேட்டாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு ஐந்து நாளாக அவன் பத்துப் பதில் தயாரித்திருந்தான். நாசூக்கான பதில்கள், தாளில் சுற்றிய பதில்கள். எதையும் எடுக்கும் தெம்பு இல்லை. குறையை முதல் வரியில் வை என்று கடிகாரச் சத்தத்துக்கு நடுவே கேட்ட குரல் மட்டும் மிஞ்சியிருந்தது.

"தெரியும். பாகம் பிரிக்கிறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே தெரியும். கடையில போய்க் கேட்டிருக்காரு. முப்பதாயிரம்னு சொல்லியிருக்காங்க. சரியான விலைன்னு அவரே ஒத்துக்கிட்டாராம்."

அவள் தண்ணீர் கொண்டுவந்த கையைப் புடவையில் துடைத்தாள்.

"எழுதினது எம்பொண்ணு, அவகிட்ட சொல்லிடாதீங்கன்னாராம்."

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். "கடிகாரக் கடையா மாப்ளே? பாதி கடிகாரம், பாதி ஸ்டாம்பு?"

"அதேதான்."

"நான்தான் கூட்டிட்டுப் போனேன். வண்டியிலயே இருடான்னாரு. ரெண்டு மணி நேரம். வெளிய வந்து, 'அந்தம்மாவுக்குத் தொழில் தெரியலை'ன்னாரு. வர்ற வழியில நான் மூணு சிக்னல்ல தப்பு பண்ணேன். ஒண்ணுகூட சொல்லலை." அவர் தரையைப் பார்த்தார். "அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. எங்கப்பன் தப்பைப் பாத்துட்டுச் சும்மா இருக்குற ஆளா?"

மனைவி சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஓடியது. மூடப்பட்டது. ஆண்கள் இருவரும் மீன்கொத்தியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏதோ அதில் எட்டாவது வரி வரப்போகிறது போல.

திரும்பி வந்தவளின் முகம் ஈரமாக இருந்தது. குரல் ஆஸ்பத்திரிக் குரலாக இருந்தது, அடுத்தவரை உள்ளே அனுப்பும் குரல்.

"என் கையெழுத்தால கெட்டுச்சுன்னு சொல்லக் கூச்சமா இருந்திருக்கும். சரி. சொல்ல வேணாம். நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆனா வீட்டுல பாதி குடுக்கறதுக்கு என் கையெழுத்து எங்க குறுக்க வந்துச்சு?"

கேள்வி அங்கே இருந்த இருவரிடமும் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்று டோனர் கடைசி ஆல்பத்தை எடுத்துப் பின்னட்டையைத் திறந்து வைத்தான். மாமனாரின் கையெழுத்து. இடது பக்கம் 'கேட்டது', அதன் கீழே கேட்லாக் தொகை, நாற்பத்திரண்டு லட்சம், கமாவோடு. வலது பக்கம் 'ஏற்றது'. அதன் கீழே ஒன்றுமில்லை.

மச்சான் எட்டிப் பார்த்தார். "வலது பக்கம் காலியா விட்டுட்டாரா? எங்கப்பனா?"

"கை வரலை போல" என்றான் டோனர்.

அவள் அந்தக் காலியிடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். சாய்ந்த எழுத்தில், 'ஏற்றது' என்பதன் கீழே முப்பதாயிரம் என்று எழுதி, பக்கத்தில் வருடம் போட்டாள்.

"அந்தம்மாவுக்கு ஃபோன் பண்ணி மொத்தமா எடுத்துக்கச் சொல்லுங்க. தனித்தனியா ஸ்கேன் பண்ணி உங்க கண்ணும் போக வேணாம். கட்டில் காலியானாப் போதும்."

"பறவை?"

"பறவையும்." கவிழ்ந்து கிடந்ததைத் திருப்பிப் பார்த்தாள். "மீன்கொத்தியை மட்டும் விட்டுடுங்க. இருபது ரூ... எவ்வளவோ, அதைக் கழிச்சுக்கச் சொல்லுங்க."

மச்சான் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். கியர் விழாத வண்டி மாதிரி இருந்தது.

"ஏய் கிளார்க்கு" என்றார். எட்டு மாதத்தில் தங்கையிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. "வீட்டு விஷயமா... உக்காந்து பேசலாமா?"

"பேசலாம்."

"இன்னைக்கேவா?"

"ஸ்கேன் பண்ண ஒண்ணுமில்லை, எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமை லீவுதான். சொல்லு. இவரு போட்ட மாதிரி குறையை முதல் வரியில சொல்லு. அப்புறம் விலை போடலாம்."

மச்சான் சேத மதிப்பீட்டாளரின் மகன். அதை அதுவரை யாரும் கவனித்ததில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு ஆரம்பித்தார். கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. பின்சுவரில் ஈரம். மாடிப்படி நாலாவது படி ஆடுகிறது, மிதித்தால் ஐந்தாவதும் ஆடுகிறது. மெயின் கதவு மழைக்காலத்தில் திறக்காது, வெயில் காலத்தில் மூடாது. குளியலறைக் குழாயைத் திறந்தால் பக்கத்து வீட்டில் தண்ணீர் வருகிறது. இவ்வளவு ஓட்டையோடு ஒரு வீட்டில் மனிதர் எப்படி எட்டு மாதம் கோபமாகவும் இருந்தார் என்று டோனருக்கு வியப்பாக இருந்தது. அவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். வீட்டில் முதல் தடவையாக இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள், அவன் வழியாக இல்லாமல்.

"எல்லாத்தையும் எழுதுறேன், மெதுவாச் சொல்லு" என்றாள் அவள்.

அதே பின்னட்டையில், அப்பாவின் வரிக்குக் கீழே 'வீடு' என்று எழுதினாள். இடது பக்கம், 'கேட்டது' பத்தியில், 'பாதி' என்று பேனாவால் அழுத்தமாக எழுதி அடிக்கோடு போட்டாள்.

வலது பக்கத்து 'ஏற்றது' பத்திக்குப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடினாள்.